முத்திரை இடாத புத்தகங்கள்

மதிப்பிற்குரிய தங்களுக்கு,

வணக்கம். பதிலெழுதத் தாமதித்தமைக்குப் பொறுத்தருள்க.

நம் மகள் ஸ்மிதாவின் நினைவாகத் தொடங்கவிருக்கும் பல்கலைக்கழகத்திற்கு உரிமம் வழங்குவது குறித்து ஆய்வுக்குழு வந்து சென்றது. நூலகத்தில் மட்டுமே குறை கண்டனர்.

“மாஷிமா, இந்த அலமாரிப் புத்தகத்துல முத்திரையே இல்லையே? முதல் பக்கத்துல குத்தினாத்தான் கணக்குல சேரும்,” என்றார் அதிகாரி, என்னைச் சித்தி முறை வைத்து அழைத்து.

அவை ஸ்மிதாவுடைய புத்தகங்கள். பள்ளி செல்லாத நான் அவற்றைக் கொண்டே கற்றேன். “நான் முடிச்சாச்சு, இனி உன் முறை அம்மா” என்று ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பென்சிலால் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் முத்திரை குத்த எனக்குக் கை எழவில்லை. குத்தாவிடில் உரிமம் இல்லை.

தாங்கள் பவானிபூரிலிருந்து ஒருமுறை வந்து அதைச் செய்து தர இயலுமா? என்னைக் காண விருப்பமில்லையெனில், நான் அடுத்த அறையில் இருந்துகொள்கிறேன்.

விரைவில் பதில் எழுதுங்கள்.

தங்கள் மனைவி