ராகு காலத்தில் ஸ்டார்ட் ஆன கார்

என் அடங்காத அத்தைக்கு,

நீ போன இடத்தில் ரோடெல்லாம் எப்படி? இங்கே அதே குண்டு, அதே குழி. உன் கார் மறுபடி ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். படிக்க வேண்டியவர்கள் நம் சொந்தத்தில் நிறைய இருக்கிறார்கள்.

நீ போன பிறகு கார் சிதம்பரத்தில் உன் வீட்டு வாசலிலேயே கிடந்தது. ஒரு வியாழக்கிழமை சித்தப்பா உன் துணிமணிகளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கடலூருக்கு ஓட்டி வந்தார். ரேடியேட்டர் ஹோஸை எலி கடித்திருந்தது. தண்ணீர் இருக்கிறதா என்று உன் அருமைத் தம்பி பார்க்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போதே சூடு காட்டும் முள் உச்சிக்குப் போய்விட்டது. நிறுத்தவில்லை. ஒன்றரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாம். முதுநகர் முனையில் ஆவியைக் கக்கிக்கொண்டு கார் நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டபோது மணி இரண்டேகால். நட்ட நடு ராகு காலம். நீ இருந்திருந்தால் விக்கல் வரும்வரை சிரித்திருப்பாய்.

பழி மட்டும் உன் மேல் விழுந்தது. "அக்கா வண்டிக்கே ராசி இல்லண்ணே. காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார் சித்தப்பா. கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருந்தவள், தனியாகக் கார் ஓட்டியவள், அவள் வண்டி எப்படி விளங்கும் என்று சுற்றியிருந்தவர்கள் முடித்துவைத்தார்கள். எலி கடித்ததற்கும் உன் ஜாதகத்துக்கும் என்ன சம்பந்தம் அத்தை?

நான் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்பா என்னையே பார்த்தார். "அவ தெவசத்துக்குள்ள இந்த வண்டி சிதம்பரம் வரைக்கும் ஓடிட்டு வரட்டும். வந்தா இங்கயே நிக்கட்டும். இல்லன்னா காயலான் கடைதான்" என்றார். சரி என்றேன். எனக்கு அப்போது ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

யூசுப்பை உனக்குத் தெரியும். என் டியூஷன் சிநேகிதியின் அண்ணன், ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறவன். அவன் வந்து ஆயில் குச்சியை உருவினான். ஆயில் பால் காபி மாதிரி வந்தது.

"ஹெட் கேஸ்கட் போயிருக்கு. தண்ணியும் ஆயிலும் ஒண்ணாச் சேந்துடுச்சு."

"மதம் மாறிக் கல்யாணம்னு வெச்சுக்கோ."

"எங்கூட்ல போயி சொல்லு, வெட்டுவாங்க" என்றான் சிரிக்காமல்.

ஹெட் என்கிற இன்ஜின் மேல்பாகத்தைக் கழற்றி எடுத்தோம். உனக்குத் தலைக்கனம் என்று ஊரே சொல்லுமே, உன் காருக்கும் உண்டு. மடியில் வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன். இரும்பு ஸ்கேலை அதன் அடிப்பக்கத்தில் நிமிர்த்தி வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தான் யூசுப். ஸ்கேலுக்குக் கீழே நடுவில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி வாங்கினோம்.

வால்வுகளைத் தேய்த்தது நான். கம்பு முனையில் வால்வை ஒட்டி, பேஸ்ட் தடவி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் மோர் கடைவது மாதிரி உருட்ட வேண்டும். உருட்டி முடித்துப் பெட்ரோல் ஊற்றினால் கசியக் கூடாது. கசிந்தது. மறுபடி உருட்டினேன். கொப்புளம் வந்தது, உடைந்தது. அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "இப்பிடியே போனா உங்க அத்தை மாதிரிதான் ஆவப்போற" என்றாள். தேங்க்ஸ்மா என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

புது ஹோஸ் போட்டு, எல்லாம் பூட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "நாலரைக்கு வந்துடுங்க. நீங்கதான் ஸ்டார்ட் பண்ணணும்."

"பாப்பா, ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம்."

"தெரியும் சித்தப்பா. அதான் நாலரை."

வந்தார். நெற்றியில் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக விபூதி. சாவியைத் திருப்பினார். கார் இருமியது, புகைக்குழாய் வழியாக ஒரு வெடி போட்டது, அடங்கியது. "நான் சொன்னேன்ல" என்று இறங்கினார். அப்பா உள்ளே போய்விட்டார்.

யூசுப் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏ லூசு, ரெண்டாவது ப்ளக் ஒயர மூணாவதுல சொருகியிருக்க." மாற்றிச் சொருகினேன். சித்தப்பாவை மறுபடி சீட்டில் தள்ளினேன். இந்தத் தடவை ஒரே திருப்பு. உன் காரின் அந்தத் தையல் மிஷின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அப்பா வாசலுக்கு வந்து நின்றார். மணி ஐந்தைத் தாண்டவில்லை.

சித்தப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, யூசுப் பின்னால் இருக்க, ராகு காலத்திலேயே சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். அவர் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். முள் பாதியிலேயே நின்றது. அப்படியும் ஆலப்பாக்கத்தில் ஓரம் கட்டினார். இறங்கிப் பானெட்டைத் திறந்தார், கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், மூடினார். மூடியவர் பானெட் ஓரமாகவே நின்றார்.

"அன்னிக்கு இங்கயாச்சும் நிறுத்தியிருக்கலாம் பாப்பா. பின்னாடி அக்கா பொடவையெல்லாம் இருந்துச்சு. கெட்ட நேரத்துல அத வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு…"

கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயின் மூக்கை நீ ஊசியால் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் இஸ்திரி சட்டையில் அடிப்பதற்கென்றே. அதை யாரும் நேராக்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் அதற்கான குச்சியை இழுத்தேன். தண்ணீர் சரியாக அவர் முகத்தில் அடித்தது.

"அக்கா…" என்றார். என்னை அல்ல, காரைப் பார்த்து. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். முகம் துடைக்க அவ்வளவு நேரம் ஆகுமா அத்தை?

சிதம்பரத்தில் உன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பினோம். கார் இப்போது நம் வாசலில் நிற்கிறது. காயலான் கடைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அந்தக் குழாய் மூக்கை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் லைசென்ஸ் எடுக்கிறேன். ராசி கெட்டவள் என்று உன்னைச் சொன்ன ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் இதே காரை நானே ஓட்டிப் போவேன், நேரம் பார்க்காமல். ஆனால் முள் ஏறினால் நிறுத்துவேன். எந்தக் காலமாக இருந்தாலும் நிறுத்துவேன். இது சத்தியம்.

உன் மாதிரியே ஆகிக்கொண்டிருக்கும் அண்ணன் மகள்,
நீ பெயர் வைத்த கொசு