மல்லிகா அக்கா வீட்டுக்காரர் கையெழுத்து

அமாவாசை, இரவு.

இன்று தறிக்கு லீவு. எதிர் வீட்டு மல்லிகா அக்கா, இறந்துபோன தன் வீட்டுக்காரரின் பழைய கையடக்க ஆர்கனைசரோடு காலையிலேயே வந்துவிட்டார். அதன் சின்னத் திரையில் அவர் பிளாஸ்டிக் குச்சியால் எழுதி வைத்திருந்ததைப் பிரிண்ட் எடுத்துப் படையலில் வைக்க வேண்டுமாம்.

"அவரு கையெழுத்துன்னு வேற ஒண்ணும் இல்லபா."

"அஞ்சு நிமிஷம்க்கா. நம்ம லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஆகாதது இருக்குதா!"

யூஎஸ்பியில் செருகினேன். கம்ப்யூட்டருக்கு அது தெரியவே இல்லை. லினக்ஸ்காரர்களின் இணைய ஃபோரத்தில் தேடினேன். முதலில் கருவியில், இரண்டிலும் இருப்பதை ஒன்றுபோல் ஆக்கும் சிங்க் பட்டனை அழுத்த வேண்டுமாம். அழுத்தினேன். திரையில் அதன் பெயர் வந்ததும் குதித்தேன். அந்த வேகத்தில், எதன் மேல் எதை எழுத என்று கேட்டதைப் படிக்காமலே ஓகே கொடுத்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் இருந்த காலிப் பக்கம் அவர் எழுத்தின் மேல் ஏறிவிட்டது. சிங்க் முடிந்தது என்று பச்சையில் வந்தது.

அக்கா ஆர்கனைசரின் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பூடுச்சாபா?"

"ஆமாக்கா." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவரு கிறுக்கனது அவருக்கே புரியாது. வுடு, அழுதுக்கினு இருக்காத."

மத்தியானம் படையல் முடிந்து வடையும் பாயசமும் அக்காவே கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. தட்டு இன்னும் கீபோர்டு பக்கத்தில் அப்படியே இருக்கிறது.