மூன்றாவது அடிக்குப் பிறகு

என் பிரியமுள்ள தம்பி சன்னாசி,

நல்லா இருக்கியா என்று கேட்டால் நீ சிரிப்பாய். செத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது என்பாய். இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். வேறு மாதிரித் தொடங்க எனக்குத் தெரியாது.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நிரோஷா எழுதுகிறாள். பதுளையில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். என் பேச்சை அங்கங்கே திருத்தி, படிக்கிற மாதிரி ஆக்கிக்கொள்கிறாள். அவளும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு பாட்டு வீடியோ எடுக்கப்போகிறார்கள். அதைப் பாடசாலை மண்டபத்தில் காட்டுகிற அன்று, முதலில் இந்தக் கடிதத்தை வாசிப்பார்களாம். ஆகவே நீ கேட்கும்போது ஊரும் கேட்கும். கூச்சப்படாதே.

முதலில் ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் செத்துப்போனேன்.

வெயில் ஏறுகிற நேரம். என் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மைதானத்துப் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. கல்யாண அடி இல்லை, சாமி அடி இல்லை. சாவு அடி. யாராக இருக்கும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. அந்த அடி கேட்டால் ஆள் வந்து சொல்லத் தேவையில்லை, கை தானாக நின்றுவிடும். தோட்டத்தில் இப்போது ஆக மூத்தவன் நான். ஆகவே ஒருத்தரையும் விசாரிக்காமல் நேரே என் வாசலுக்கே வந்தார்கள்.

முன்னால் வந்தவள் செல்லம்மா. தலைத்துண்டை வாயில் பொத்தி அழுதுகொண்டு வந்தவள், என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னா மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏன், இருக்கக்கூடாதா?"

"பின்ன எவருக்கு அடிக்கிறாங்க?"

"எனக்கு எப்புடி தெரியும்? நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"தேத்தண்ணி குடிக்கிறதப் பாருங்கடி! நான் அந்த ரோட்டு முடக்குல இருந்து அழுதுக்கிட்டு வாரேன்!"

"அழுதது வீணாப் போகாது புள்ள. கணக்குல வச்சுக்க. நெசமா போறப்ப கழிச்சுக்கலாம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். செல்லம்மா சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் மைதானத்துக்குப் போனோம்.

அங்கே பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்கள். நடுவில் ரிஸ்வான் நின்றான். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன், நிரோஷாவோடு படிக்கிறவன். இசையெல்லாம் அவன் கம்ப்யூட்டரில்தான் செய்கிறான். இத்தனை பேர் அழுகையும் கோபமுமாக வருவதைக் கண்டு பிள்ளைக்கு முகம் வெளிறிப்போயிற்று. "மன்னிச்சுக்கோங்க ஐயா, எனக்கு வெளங்கல்ல. நான் சும்மா ஸ்பீக்கர் செக் பண்ணினேன்" என்றான்.

நடந்தது இதுதான். இந்தப் பிள்ளைகள் செய்கிறது ஹிப் ஹாப் என்கிற பாட்டு. சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, மூச்சு விடாமல் பேசுவார்கள். அதுதான் பாட்டு. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு நிரோஷா அவள் எழுதினதை மெதுவாகச் சொல்லிக் காட்டினாள்.

"நம்பரு போட்ட மலைக்கெல்லாம்
நாங்க வச்ச பேரு சொல்லு
கையெழுத்து இல்லாத கைக்கெல்லாம்
காது கேக்கப் பேரு சொல்லு"

பிடித்துப்போயிற்று. அந்தப் பாட்டுக்கு அடியில் ஓட ரிஸ்வான் ஒரு தப்புச் சத்தத்தை இன்டர்நெட்டில் தேடி எடுத்திருக்கிறான். அதை வெட்டி, மெதுவாக்கி, மேலே வேறு சத்தங்களும் போட்டிருந்ததால் நிரோஷாவுக்கே அது சாவு அடி என்று தெரியவில்லை. அன்றைக்கு அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இவன் வெறும் தப்பை மட்டும் முழுச் சத்தத்தில் விட்டுவிட்டான். டவுன் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவனுக்கு அது நல்ல தாளம். நமக்கு அது ஒரு ஆள்.

தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கோபம். கொழுந்து பாதியில் நின்றுபோயிற்று என்று, மைதானத்திலும் மலையிலும் இனிமேல் கேமரா வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நிரோஷா அன்று சாப்பிடவில்லை. மற்றப் பிள்ளைகள், எல்ல ஊர்ப் பக்கம் போய் வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கிற பாலத்தில் எடுத்துவிடலாம் என்றார்கள். "அது யாரோட பாட்டு? நம்ம பாட்டுக்கு நம்ம மலைதான் வேணும்" என்று இவள் ஒரே பிடியாக நின்றாள்.

நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன், சன்னாசி. ரிஸ்வானைக் கூப்பிட்டு அதை மறுபடி போடச் சொன்னேன். போனில், மெதுவாக. மூன்று அடி. பிறகு ஒரு சின்ன நிறுத்தம். பிறகுதான் மற்றது.

அந்த நிறுத்தம் வேறு எவனுக்கும் கிடையாது. ஏன்டா மூணாவது அடிக்கு அப்புறம் நிறுத்துற என்று ஒருமுறை உன்னிடம் கேட்டேன். தப்பைத் தீயில் காட்டிக்கொண்டே சொன்னாய்: "எதுத்த மலை பதில் சொல்லட்டும்னு விடுறேண்ணே. நான் மட்டும் பேசிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?" அன்றிலிருந்து உன் அடி கேட்கும்போதெல்லாம் எதிர்மலையிலிருந்து திரும்பி வருகிற சத்தத்தையும் கேட்பேன்.

"இது சன்னாசி" என்றேன். "இவன் அடிச்சது."

ரிஸ்வான் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இந்த கேப்புக்காகத்தான் ஐயா இத எடுத்தேன். வேற எதுலயும் இப்பிடி இல்ல" என்றான்.

நிரோஷா இதைப் போய் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். இந்தப் பிள்ளைகள் பாட்டுக்காரர்களைப் பற்றி நிறையத் தேடி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஒருவன் எந்தத் தெருவில் வளர்ந்தான், மெட்ராஸில் ஒருவன் முதலில் எங்கே பாடினான், எல்லாம் தெரியும். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தத் தப்பு அடிச்சவரப் பத்தி என்ன தெரியும்?" என்றாராம். "இன்டர்நெட்ல கெடைச்சது டீச்சர்." "கெடைச்சதுன்னா? காட்டுல வெளைஞ்சதா?" அதற்குப் பிறகு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பெயர் வர வேண்டும். அவருடைய வீட்டார் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ கிடையாது.

அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உன் குரு யார்? முதல் மேடை எது? நான் சிரித்துவிட்டேன். முதல் மேடை, பெரிய கங்காணி செத்த வீடு. உனக்கு அப்போது மீசை கூட இல்லை. உங்கப்பாவுக்குக் குளிர் காய்ச்சல், தப்பை உன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நீ அடித்த அடியில் ஒரு கிழவி அழுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள். இதையெல்லாம் சொன்னேன். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்தது, தேருக்கு முன்னால் அடித்தது, எல்லாம் சொன்னேன். கல்யாண வீட்டில் உன்னை அடிக்க வைத்துவிட்டு, கடைசிப் பந்திக்கும் பிறகு சோறு போட்டார்களே, அதையும் சொன்னேன். நிரோஷா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுக் கடைசியில்தான் சொன்னேன். கொரோனாக் காலத்தில் பதுளை ஆஸ்பத்திரியில் நீ போனாய். உடம்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவர விடவில்லை. இந்தத் தோட்டத்தில் ஒரு சாவு விடாமல் அடித்தவனுக்கு அடிக்க ஒருத்தர் இல்லை. உன் தப்பை நான்தான் எடுத்து என் காம்பராவில் மாட்டி வைத்தேன். அன்றைக்கு மலையில் எவள் கையும் நிற்கவில்லை. கேட்டால்தானே நிற்கும்?

உன் வீட்டார் என்று, இரத்த சொந்தமாக, இப்போது இருப்பது உன் மகன் பாலன் ஒருவன்தான். வெலிமடையில் மரக்கறி மொத்தக் கடையில் லொறிக்குச் சுமை கணக்குப் பார்க்கிறான். பெண் எடுத்ததும் அங்கேயே. நானும் நிரோஷாவும் ரிஸ்வானும் பஸ் பிடித்துப் போனோம். லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் நின்றான். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"பெரியப்பா! ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. சாப்புட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னோம். கையை விட்டுவிட்டான்.

"வேணாம் பெரியப்பா."

"ஏன்டா?"

"எங்க மாமனார் வீட்டுல அப்பா தோட்டத்துல வேல செஞ்சாருன்னு மட்டும்தான் தெரியும். தப்பு விஷயம் தெரியாது. இப்ப போய் எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டவா?" குரல் உயர்ந்தது. "எல்லாச் சாவுக்கும் அவருதான் வேணும். பந்தியில ஒக்காரும்போது மட்டும் அவரு வேணாம். பெறகு அவரு செத்தப்ப... விடுங்க. இப்ப இந்தப் புள்ளைங்க பாட்டுக்கு மட்டும் வேணுமாக்கும்."

அவன் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா? நான் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். நிரோஷாவுக்குக் கண் நிரம்பியிருந்தது. அவள்தான் சொன்னாள்: "சித்தப்பா, வேணாம்னா அழிச்சுர்றோம். பாட்டே வேணாம். ஆனா ஒருதரம் கேட்டுட்டுச் சொல்லுங்க."

ரிஸ்வான் போனை அவன் காதுக்குப் பக்கத்தில் பிடித்தான். வெட்டாத முழுச் சத்தம். இதை யாரோ ஒரு சாவு வீட்டில் போனில் பிடித்திருக்கிறார்கள். அதில் அடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு பேச்சு இருக்கிறது. எங்களுக்குச் சரியாக விளங்காமல் விட்ட பேச்சு. இரைச்சல் அதிகம். பாலனுக்கு விளங்கியது.

"பாலா, சூடு பத்தலடா. இன்னுங் கொஞ்சம் காட்டு."

"இந்தா வாரேன்ப்பா."

உன் குரல். அவனுடைய குரல். வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சிக் கொடுக்க அவன் உன்னோடு வந்துகொண்டிருந்த காலம். நீ போன பிறகு உன் குரலை அவன் கேட்டதே இல்லை, சன்னாசி. ஒரு போட்டோ உண்டு. குரல் ஏது?

லொறிக்காரர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். கடை முதலாளி, "பாலன், கரட் ஏத்தியாச்சா?" என்று கத்தினார். இவன் அசையவில்லை. "இன்னொருதரம் போடு தம்பி" என்றான். பிறகு இன்னொரு தரம்.

கடைசியில் முகத்தைச் சாக்கில் துடைத்துக்கொண்டு கேட்டான்: "பேரு எப்புடிப் போடுவீங்க?"

"தப்பு, சன்னாசி அப்படீன்னு..." என்று ரிஸ்வான் இழுத்தான்.

"ஒன்னோட பேர எப்புடிப் போடுவ?"

"இசைன்னு."

"அப்ப அவருக்கும் அதையே போடு. ஒரே வரியில. அவரு பேரு முன்னுக்கு."

ரிஸ்வான் உடனே தலையாட்டினான். "அதுதான் சரி அண்ணே. அவருதான் முதல்ல அடிச்சாரு."

வீட்டில் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "இதத்தான் போட்டுக் காட்டப் போறேன். கேட்டுட்டு என்ன சொல்றாங்களோ சொல்லட்டும்" என்றான். பஸ் ஏற்றிவிடும்போது ஒரு பை நிறையக் கிழங்கு கொடுத்தான். உன்னை மாதிரியே, வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

இனி துரை பாக்கி. அதைச் செல்லம்மா பார்த்துக்கொண்டாள். உனக்கு நடந்ததையும் நடக்காததையும் நிரோஷா மலையில் போய்ப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் கூட்டமாக ஆபீசுக்குப் போனார்களாம். "அன்னைக்கு ஏமாந்து எறங்கினோம் ஐயா. இப்ப தெரிஞ்சே எறங்கப் போறோம். ஞாயித்துக்கெழம. எங்க நேரம், எங்க காலு" என்று செல்லம்மா சொல்லியிருக்கிறாள். துரை, தேயிலைச் செடியை மட்டும் மிதிக்கக்கூடாது என்றாராம். "நாங்க மிதிப்பமா?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். சம்மதம் கிடைத்துவிட்டது.

ஆகவே வருகிற ஞாயிறு எடுக்கிறார்கள். முதல் படம் ஒரு தீ. வைக்கோல் தீ. அதில் பாலன் உன் தப்பைக் காய்ச்சுவான். "எனக்கு நடிக்கத் தெரியாது" என்றான். "நடிக்க வேணாம் சித்தப்பா, சூடு காட்டுங்க, போதும்" என்றாள் நிரோஷா. பிறகு ஸ்பீக்கரில் உன் அடி. ஏழாம் நம்பர் மலையிலிருந்து பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்கி வருவார்கள். இந்தத் தடவை யாருக்காக என்று தெரிந்து வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நிரோஷா நின்று அந்த வரிகளைச் சொல்லுவாள். பாலன் மாமனார் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவதாக நேற்றுப் போனில் சொன்னான். பகல் சோறு மைதானத்தில். எல்லோருக்கும் ஒரே பந்தி. அதை நான் சொல்லிவிட்டேன், யாரும் மறுக்கவில்லை.

எனக்கு மலை ஏற முழங்கால் விடாது. முடக்கில் ஒரு கதிரை போட்டுத் தருவார்கள். அங்கே உட்கார்ந்திருந்து ஒரு காரியம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அது உனக்கு என் வாக்கு. மூன்றாவது அடிக்குப் பிறகு ஒருத்தரையும் வாய் திறக்க விடமாட்டேன். நிரோஷா உட்பட. எதிர்மலை என்ன சொல்கிறது என்று நல்லாக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். நான் அங்கே வரும்போது உனக்குச் சொல்கிறேன். அவசரமில்லை.

உனக்கு அண்ணனும் பாலனுக்குப் பெரியப்பனுமான,
பக்கத்துக் காம்பரா முனியாண்டி