தபால் வண்டியில் ஓர் இடம்

டீச்சர்,

இன்று காலை சித்திரை வீதி வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் தச்சர் ஒருவர் வஜ்ரப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறார்கள். நான் மட்டும் கறிகாய்ப் பையோடு நின்று இழுத்து இழுத்து மோந்துகொண்டிருக்கிறேன். "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். என்னவென்று சொல்ல? "ஒண்ணுமில்ல, நீங்க வேலையைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் முதன்முதலில் அந்த வஜ்ரத்தை வாங்கிக்கொண்டு வந்த நாளில் நான் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? பீமநகரில் நம்முடைய மாடிப் போர்ஷன். நீங்கள் கணக்கு டீச்சர், நான் தமிழ் டீச்சர், இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கூல். இது என்ன கட்டி என்று சும்மா கேட்டு வைத்தேன். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சின பசை, மரத்தை ஒட்ட இதைவிட்டால் வேறு இல்லை என்று மறைக்காமல் சொன்னீர்கள். "வீட்டுக்குள்ள தோலைக் காய்ச்சப் போறேளா? நான் ஸ்ரீரங்கத்துக்காரி, ஞாபகம் இருக்கட்டும்!" என்று குதித்தேன். நீங்கள் குமுட்டி அடுப்பையும் தகர டப்பாவையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்து நானே விசிறியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். என் கோபம் அவ்வளவுதான் தாங்கும், உங்களுக்குத் தெரியாததா.

அந்த வஜ்ரத்தால் நாம் ஒட்டிய சின்ன மர வண்டி விளையாட்டுக்கு ஆரம்பித்தது இல்லை. நிஜ வண்டி, பஸ் வருவதற்கு முன்னால் முசிறிக்கும் திருச்சிக்கும் தபால் மூட்டைகளோடு ஓடிய குதிரை வண்டி. உங்கள் அப்பாதான் ஓட்டினார். அம்மா போன பிறகு, ஐந்து வயதில் உங்களைத் திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பா அதற்கப்புறம் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். திரும்பவே இல்லை. போர்டிங்கில் விட்ட அன்று அப்பாவோடு அந்த வண்டியில் வந்தேன் என்பது மட்டும்தான் அவரைப் பற்றி உங்கள் கையில் இருந்தது. இரண்டு பாலம் தாண்டியது, குதிரைகளின் முதுகு குலுங்கிக்கொண்டே போனது. இதைத் தவிர வேறொன்றும் இல்லை, ஒரு போட்டோகூடக் கிடையாது.

அதையும் ஒரு கிறிஸ்மஸுக்கு வந்த உங்கள் அண்ணன் பிடுங்கிவிட்டுப் போனார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன், என் காதிலேயே விழுந்தது. "அப்பாவா? அவரு எங்க வந்தாரு! மாமாதான் மாட்டு வண்டியில கொண்டாந்து விட்டாரு. தபால் வண்டியில ஓட்டுற ஆளுக்கே உட்கார இடம் பத்தாது, பக்கத்துல பெட்டி இருக்கும். நீ எங்க உட்கார்ந்த? சரி, அப்பா முகம் எப்படி இருந்துச்சு, சொல்லு பாப்போம்." உண்மையில் உங்களுக்கு அந்த முகம் நினைவில் இல்லை. அண்ணன் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று எழுந்து போய்விட்டார். அந்த மனுஷருக்கு அது வெறும் பேச்சு. தன் அப்பாவே கூட வந்து விட்டுவிட்டுப் போனாரா, இல்லை வேண்டாத சாமானை ஆள் கையில் கொடுத்து அனுப்புவதுபோல அனுப்பினாரா என்பது உங்களுக்கு வெறும் பேச்சா?

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நீங்கள். மூன்றாம் நாள், "டீச்சர், அந்த வண்டியைச் செஞ்சு பாத்துடலாமா? அளவு பிசகாம செஞ்சா எனக்கு இடம் இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்றீர்கள். எனக்குப் பென்சில் சீவக்கூடச் சரியாக வராது. ஆனாலும் "செய்யலாமே" என்றேன்.

ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்தீர்கள். வண்டியைப் பற்றி உங்களுக்கு நினைவில் இருந்ததெல்லாம் உங்கள் உடம்பு அளவுதான். ஏறும் படி இடுப்புக்கு இருந்தது, பின்சக்கரம் தலைக்கு மேலே இருந்தது. சுவரோரமாக நின்று இடுப்புக்கும் தலைக்கும் என்னைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னீர்கள். அதை வைத்துப் படம் போட்டு, முதலில் அட்டையில் வண்டி செய்தாயிற்று. கல்யாண முருங்கைக் கட்டையில் அப்பா பொம்மையும் செதுக்கி முன்னால் உட்கார வைத்தீர்கள். பார்த்தால் அவர் கால் மிதிபலகையை எட்டவே இல்லை! "இதென்ன டீச்சர், உங்கப்பா காலை ஆட்டிண்டு ஊஞ்சல்ல உட்கார்ந்த மாதிரின்னா இருக்கார்?" என்றேன். நீங்கள் வண்டியைப் பார்த்தீர்கள், சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தீர்கள், தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். "ஐயையோ, அஞ்சு வயசு இடுப்புக்கு இப்ப இருக்கிற இடுப்பை அளந்துட்டேனே!" ஊர்ப் பெண்களுக்கெல்லாம் விகிதம் சொல்லிக்கொடுக்கிற கணக்கு டீச்சர் செய்த வேலை அது. வயிறு வலிக்கச் சிரித்தோம். கீழே வீட்டுக்காரம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

நினைவை நம்பினால் ஆகாது என்று அப்புறம் விசாரிக்க ஆரம்பித்தோம். அதே மாதிரி ஒரு பழைய தபால் வண்டி துறையூரில் ஒரு ரைஸ் மில் கொட்டகையில் கிடக்கிறது என்று என் வகுப்புப் பெண்ணின் அப்பா வந்து சொன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். கொட்டகையில் சாக்குகளை நீக்கினால் வண்டி இருக்கிறது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு அதன் அடியில் நுழைந்து நீங்கள் டேப்பை நீட்டி நீட்டி அளவு சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். மில் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சரம்மா, குதிரை வாங்கியாச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டார். கடைசியில் ஓட்டுகிறவர் பலகைமேல் நீங்களே ஏறி உட்கார்ந்தீர்கள். இடது பக்கம் இரும்புப் பெட்டி பலகையோடு முடுக்கியிருந்தது. வலது பக்கம் உள்ளங்கை வைக்கத்தான் இடம். பூனைக்குட்டிகூட அங்கே உட்கார முடியாது.

"அண்ணன் சொன்னது சரிதான்" என்றீர்கள். திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலம் வருகிறவரை நான் எழுதிய அளவுகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் வண்டியை நீங்கள் விடவில்லை. ஆரம்பித்ததை முடித்துத்தான் பழக்கம் உங்களுக்கு. தேக்குத் துண்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நம் விரல் நுனியெல்லாம் வழவழத்துப் போயிற்று. தையல் டீச்சரிடம் கெஞ்சி வாங்கிய நூல்கண்டுக் கட்டைகள் சக்கரத்தின் நடுவில் குடம் ஆயின. மூங்கில் சீவி ஆரக்கால் வைத்தீர்கள். சக்கரத்தின் வெளிவட்டமான வட்டைக்கு மரப்பட்டியை வெந்நீரில் ஊறப்போட்டு, என் ஊறுகாய் ஜாடியைச் சுற்றி வளைத்துக் கட்டினீர்கள். எத்தனை பட்டி முறிந்திருக்கும்! ஒவ்வொன்று முறியும்போதும் நான்தான் திட்டினேன். நீங்கள் அடுத்ததை எடுத்து ஊறப்போட்டீர்கள். இரும்புப் பெட்டியையும் அதன் இடத்தில் அப்படியே வைத்தீர்கள். துறையூர் போவதற்கு முன்பே, ஐந்து வயது நீங்களாகச் செதுக்கி வைத்திருந்த சின்னப் பெண் பொம்மை மட்டும், வைக்க இடம் இல்லாமல், சோப்பு டப்பாவில் கிடந்தது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தீர்கள். கடிவாள வாரை ஒட்டி வைக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தீர்கள். உங்கள் பழைய கைப்பையின் தோல்வாரை மெல்லிசாக நறுக்கி, நீங்கள் செதுக்கிப் பூட்டியிருந்த மரக் குதிரைகளிலிருந்து கொண்டுவந்து அப்பா பொம்மையின் கையில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் இரண்டு கையும் ஒன்றோடொன்று சாய்ந்து வார் பின்னிக்கொள்கிறது. மூன்று தடவை ஒட்டினேன், மூன்று தடவையும் அதே கதை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காய்கிறவரைக்கும் கைகள் விலகி நிற்கட்டும் என்று, சோப்பு டப்பாவில் கிடந்த பெண்ணை எடுத்து அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் செருகினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. வேறு யோசனை எதுவும் எனக்கு இல்லை, சத்தியமாக.

நீங்கள் தலை முக்காட்டை எடுக்காமலே உள்ளே வந்தீர்கள். மேஜை பக்கம் பார்த்தீர்கள். "யார் வெச்சது?" என்று கேட்டீர்கள். வஜ்ரம் ஈரமா இருக்கு, தொடாதீங்கோ என்று நான் கத்தினேன். நீங்கள் தொடவில்லை. தரையில் மண்டி போட்டு, கண்ணை அந்தப் பெண்ணின் உயரத்துக்குக் கொண்டுவந்தீர்கள்.

"வார் ரெண்டும் என் ரெண்டு காதுப் பக்கமா போகும், டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னீர்கள். "கன்னத்துல உரசும். குதிரை முதுகு மட்டும்தான் தெரியும். அதான் அப்பா முகம் எனக்குத் தெரியல. அவரு எனக்குப் பின்னால இருந்தாரு. வழி முழுக்க எனக்குப் பின்னாலதான் இருந்தாரு."

அதற்கப்புறம் அழுதீர்கள். அதுவரை உங்களை நான் அழுது பார்த்ததில்லை. நானும் உட்கார்ந்து அழுதேன். எனக்கு என்ன துக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்களோடு அழுதேன், அவ்வளவுதான். அன்றைக்குச் சமையல் ஆகவில்லை.

அடுத்த கிறிஸ்மஸுக்கு அண்ணன் வந்தபோது வண்டி கூடத்து மேஜைமேல் இருந்தது. நான் சமையலறை வாசலில் தயாராக நின்றேன், இன்றைக்கு ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவீர்கள் என்று. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாருக்கே! ஸ்கூலுக்கா?" என்றார். நீங்கள் சிரித்துக்கொண்டு, "ஆமாண்ணே, ஸ்கூலுக்குத்தான்" என்றீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. அவர் போனதும் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்தேன். "அவன்கிட்ட சாட்சி சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரிஞ்சுபோச்சு, போதும்" என்றீர்கள். அன்றைக்கு ராஜா மாதிரி தூங்கினீர்கள்.

எட்டு வருஷம் அந்த வண்டி நம் கூடத்தில் இருந்தது. பிறகு அந்தக் கோடை லீவில், காலையில் காபியைக் கையில் வாங்கியவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்மேல் சாய்ந்தீர்கள். வீட்டுக்காரம்மா ஜட்காவுக்கு ஆள் அனுப்பினாள். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் உங்கள் அண்ணன் எல்லாரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், தனியாவே இருந்தா, தனியாவே போயிட்டா." நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு அம்மா என்னைக் காட்டி யார் என்று கேட்டாள். "மாடியில கூடக் குடியிருந்தவங்க" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லையே, என்ன சண்டை போடுவது? மறுநாள் உங்கள் டிரங்குப் பெட்டியோடு வண்டியையும் சாக்கில் சுற்றி முசிறிக்கு எடுத்துப்போனார். கொடுங்கள் என்று கேட்க நான் யார்? உங்களைப் போல எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட நானும் எவ்வளவோ முயன்றேன். எனக்கு அது வரவில்லை டீச்சர்.

தனியாக வாடகை கொடுத்துக்கொண்டு அங்கே இருக்க மனமில்லாமல் ஸ்ரீரங்கத்துக்கு, என் அண்ணா வீட்டுக்கே, வந்துவிட்டேன். மன்னி நல்லவள். "கூட வேலை பார்த்த டீச்சர் போயிட்டாளாமே, பாவம். காலை அலம்பிண்டு சாப்பிட வா. சாயங்காலம் தாயார் சந்நிதிக்குப் போயிட்டு வரலாம்" என்றாள்.

"நான் வரல மன்னி. எனக்குத் தீட்டு" என்றேன்.

"வேற யார் போயிட்டா?"

"டீச்சர்தான்."

மன்னி திகைத்துப் போனாள். "அவா கிறிஸ்துவாடி. நமக்கு எந்த வழியில தீட்டு?"

"வழியெல்லாம் தெரியாது. எனக்குப் பத்து நாள்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறந்த வழி, புகுந்த வழி, பங்காளி, சம்பந்தி. எந்த விரலிலும் நீங்கள் வரவில்லை. முகமே சரியாக நினைவில்லாத ஒருவர் போய்விட்டதற்காகப் பதினைந்து வயதில் எனக்கு எல்லாத் தீட்டும் காக்கச் செய்தார்கள், அவர் என் புருஷன் என்று. அதற்குக் கணக்கு இருந்தது. உங்களுக்கு இல்லை. நான் பத்து நாளும் காத்தேன். பெருமாளைச் சேவிக்கவில்லை, ஒருவரையும் தொடவில்லை, தனி இலையில் சாப்பிட்டேன். மன்னி தலையில் அடித்துக்கொண்டாள். இருந்தாலும் என் இலையைத் தனியாகத்தான் போட்டாள்.

பதினோராம் நாள் காவேரியில் தலை முழுகிவிட்டு வந்தால் தீட்டுப் போய்விடும். அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். முழுகினால் முடிந்தது, நீங்கள் எனக்கு யாரும் இல்லை என்று ஆகிவிடும். முழுகாமல் ஏறி வந்துவிட்டேன். மூன்று வருஷம் ஆயிற்று டீச்சர், கோபுரத்தை வீதியிலிருந்து கும்பிடுவதோடு சரி. ஏண்டி உள்ளே வரமாட்டேன் என்கிறாய் என்று மன்னி கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் தீட்டுக் கழியவில்லை என்றுதான் சொல்கிறேன்.