அடிக்க ஒரு பெயர்

பாப்பா,

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார்.

மேஜையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. எழுபதுகளின் ஆங்கிலப் பாடகர்களில் பிடித்த பத்துப் பேரை, அம்மாவின் பிறந்தநாள்தோறும் நானும் அவளும் தனித்தனியாக எழுதுவோம். என்னுடையது முழுக்க ராக் பாடகர்கள், அவளுடையது சோல் இசைப் பாடகர்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பெயரைக் கோடு போட்டு அடிப்போம். "இவன் பாடுறானா, பல்லு வலியில கத்துறானா?" என்று கேட்டுக்கொண்டே அடிப்பாள். அவள் இல்லாத முதல் பிறந்தநாள் இன்று. அவளுடைய பத்துப் பேரையும் நானே ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டேன். ஒருவரையும் அடிக்கக் கை வரவில்லை.

நேற்று ஒரு பெயரை அடிக்கச் சொல்லி என் தாளை நீட்டியபோது, "எல்லாமே நல்லாத்தான் இருக்குப்பா, விடுங்க" என்றாய். அதற்குப் போய்க் கத்திவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்போதெல்லாம் இந்த வீட்டில் என்னோடு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அப்பா

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

இன்னொன்று. அம்மாவின் சிவப்புப் பேனாவைத் தாள் மேலேயே வைத்திருக்கிறேன். போவதற்கு முன் என் பத்தில் ஒருவரை அடித்துவிட்டுப் போ. நல்ல பாடகராகப் பார்த்து அடி. சாயங்காலம் வந்து உன்னிடம் சண்டை போட வேண்டும்.