மாட்டுக் கொட்டகைக்கு வந்த லாரி

மாரண்டஹள்ளி,
தை மாதக் கடைசி

அன்புள்ள மகன் மரிய ஆனந்துக்கு, உன் அப்பா சவுரியப்பன் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகள் இரண்டும் நலம், உன் நலத்தை நீ சொன்னால்தான் தெரியும். பொங்கலுக்கு மறுநாள் ‘வண்டி லேசா உரசிடுச்சு, அப்புறம் பேசறேன்’ என்று வாட்ஸப்பில் அனுப்பினாய், அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. உன் அம்மா அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள், அதை வைத்து உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா. பக்கத்துக் காட்டு மாதுவின் மகன் குரு போலந்துக்கு, உன் கம்பெனிக்கே டிரைவராக வருகிறான், போன மாதம்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்தான், அவனை நம்பிப் போலந்துக்காரர்கள் ரோட்டில் நடமாடப் போகிறார்கள். அவன் கையில்தான் இந்தக் கடிதத்தையும் கொள்ளுப்பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். போனை எடுக்காதவன் பொட்டலத்தையாவது பிரிப்பாய் அல்லவா.

இங்கே செய்தி என்றால், போன வியாழக்கிழமை சாயங்காலம் நம் மாட்டுக் கொட்டகைக்குள் ஒரு லாரி வந்துவிட்டது. நம் வீட்டுக்கு மேலே ரோட்டு மேட்டில் முனியப்பன் கோயில் இருக்கிறதே, அங்கே நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் புது டிரைவர் யாரும் இறக்கத்தில் இறங்குவதில்லை. இவன் பெயர் தமிழ்மணி, அரூர்ப் பக்கத்துப் பையன், உன் வயதுதான் இருக்கும். ஓட்டத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வெளிநாடு போய்விட்டதால் லாரி ஓனருக்கு ஆள் கிடைக்கவில்லை, பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தவனைப் பெரிய வண்டியில் ஏற்றி, மாட்டுத் தீவன மூட்டைகளோடு அனுப்பிவிட்டார். பையன் பக்திமான். தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கியவன் ஹேண்ட் பிரேக்கைச் சரியாகப் போடவில்லை, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்கவில்லை. வழியில் ஒன்றும் ஆகக்கூடாது என்று அவன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி அவனை விட்டுவிட்டுத் தனியாக இறங்கிவிட்டது. முனியப்பன் வரம் கொடுத்தாலும் பிரேக் கொடுக்க வேண்டுமே. நம் கேட்டைத் தள்ளி, முருங்கையைச் சாய்த்து, கொட்டகையின் முன் தூணை முறித்து, வைக்கோல் போரில் முட்டித்தான் நின்றது. செவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, கொஞ்ச நேரத்தில் அதுவாகவே திரும்பி வந்து கிழிந்த மூட்டையில் வாய் வைத்துவிட்டது. உன் அம்மா பால் கறக்க உட்காரும் முக்காலி முன் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. அவள் பால் செம்பை மறந்துவிட்டு, அதை எடுக்க வீட்டுக்குள் வந்திருந்தாள். அவ்வளவுதான், எழுதும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது.

ஊரே கூடிவிட்டது. கையில் அரைமூடித் தேங்காயோடு ஓடி வந்த பையன் முக்காலியைப் பார்த்தான், அப்படியே நம் வாசலில் உட்கார்ந்துவிட்டான். அடிக்க வேண்டும் என்று முதலில் குச்சி எடுத்தவன் நான்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது, பார்த்தால் ‘அம்மா’ என்று இருக்கிறது, அவன் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது, அப்போதும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை அடித்தபோது நான் பிடுங்கிக் காதில் வைத்தேன், நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்றுதான் வைத்தேன். யார் என்று கேட்காமலே அந்தம்மா, ‘சாமி, ஏன்டா எடுக்கல, சாப்டியாடா, எறக்கத்துல பாத்துப் போடா’ என்றார். எனக்கு ஒரு கையில் குச்சி, ஒரு கையில் போன். ‘சாப்டுட்டு இருக்கானுங்கம்மா, கை ஈரமா இருக்குது, வண்டி கொஞ்சம் ரிப்பேருங்க, பையன் நல்லா இருக்கான், நான் பக்கத்துலதான் இருக்கறேனுங்க’ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ‘நீங்க இருக்கறீங்களா, அப்ப சரிங்க’ என்று அந்தம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. உன் அம்மா, ‘சாப்டறான்னு சொல்லிப்புட்டீங்க, இனிமே போட்டுத்தான ஆவணும்’ என்று களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மாது வந்து அடிக்கிறதா வேண்டாமா என்று கேட்டான், சாப்பிடுகிறவனை எப்படி அடிக்கிறது என்றேன். போலீஸ் வந்தபோது தப்பு தன் மேல்தான் என்று பையனே சொன்னான். கொட்டகைக்குப் புதுத் தூண் நட்டாயிற்று. இப்போதெல்லாம் உன் அம்மா கறந்து முடிக்கும் வரை நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆனந்து, நீ இங்கே தக்காளி ஏற்றிப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டியவன், அங்கே பனியில் டிரெய்லர் ஓட்டுகிறாய். எவ்வளவு உரசியது, யார் மேல் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை. சரிவில் நிறுத்தினால் கட்டை வை, தெரியாததைத் தெரியாது என்று சொல், குருவையும் சொல்லச் சொல். நான் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிற ஆள், அதனால்தான் எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. எதையாவது இடித்துவிட்டு யார் வாசலிலாவது நீ உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் கூப்பிட்டால், உன்னால் பேச முடியாவிட்டால், பக்கத்தில் நிற்கிறவரிடம் போனைக் கொடு. அவர் பாஷை எங்களுக்குப் புரியாது, பரவாயில்லை, உன் பக்கத்தில் ஒரு மனுஷன் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும்.

பொடியைக் குருவுக்கும் கொடுத்துச் சாப்பிடு. காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். மாதா உன் வண்டிக்கு முன்னும் பின்னும் துணை வரட்டும். இந்தக் கடிதத்துக்கும் கட்டைவிரல் அனுப்பாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா சவுரியப்பன்,
அம்மா லூர்தம்மாள்