செல்வி அக்காவுக்கு வரைந்த மாலை

ஆனி கடைசிச் சனி, இரவு. சாரல் விடவில்லை.

கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. எங்கள் சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமைதோறும் தெருவில் ஒரு வீட்டார் வந்து சமைப்பார்கள். இன்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் கூட்டாஞ்சோறு. வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று, கடையின் மஞ்சள் சுவரில் அவர் முகத்தை வரைந்து, சுற்றிலும் மல்லிகை மாலை ஒன்றும் வரைந்து வைத்திருந்தேன்.

பார்த்தவர் சிரிக்கவில்லை.

"ஏட்டி, உசுரோட இருக்கவளுக்கு மாலை போட்டுட்டியே?"

"அழகுக்குத்தாங்க்கா வரைஞ்சேன்."

"எங்க வீட்டுல அவுக போட்டோவுக்கும் இப்படித்தான் மாலை தொங்குது."

அவர் கணவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரியாதா என்ன? வரையும்போது நினைவுக்கு வரவில்லை.

சோற்றை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டார். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர்கள் அந்தச் சுவர் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

கடை அடைத்ததும் மாலையை அழித்தேன். மஞ்சள் பெயின்ட் தீர்ந்திருந்தது, வெள்ளையைத்தான் பூசினேன். விளக்கை அணைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அக்காவின் தலையைச் சுற்றி வெள்ளை வட்டம், சாமி படத்தில் இருப்பதுபோல.

மாலையே தேவலை.